சிலர் புகார் சொன்னார்கள்

லிப்டுக்குள் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். "மீன், கருவாடு முதலியவற்றை லிப்டில் எடுத்துச் செல்ல வேண்டாம். மீன் விற்பவர்களுக்கு வளாகத்துக்குள் அனுமதி இல்லை. சிலர் புகார் சொன்னதன் பேரில் இந்த அறிவிப்பு. இப்படிக்கு, நிர்வாகக் குழு." கையில் கீரைக்கட்டோடு அதன் முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். மீன் வாசனை இல்லை. காலையில் துடைத்த பினாயில் வாசனைதான் இருந்தது. ஐந்தாம் மாடி வருவதற்குள் இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். நடுவில் ஏறிய ஒருவர் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்து மூலையில் ஒட்டிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகப்புத்தி உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. காஸ் சிலிண்டர் கொஞ்சம் சீக்கிரம் தீர்ந்தாலே அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தாளில் என்னைக் குத்தியது மீன் இல்லை. 'சிலர்' என்ற சொல்தான். இந்தச் சிலரை எனக்கு முப்பது வருஷமாகப் பழக்கம். முகம் மட்டும் தெரியாது.

அதற்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் மூக்கை உறிஞ்சினேன் என்று உங்களுக்குப் புரியாது. செல்வி என்று ஒருத்தி எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு, லிப்டு, வாசல் எல்லாம் துடைக்கிறாள். தரைத்தளத்தில் உடற்பயிற்சி அறையை ஒட்டி ஒரு கழிப்பறை இருக்கிறது. எப்போதும் பூட்டியிருக்கும். செல்விக்கும் அவளோடு வேலை செய்கிறவர்களுக்கும் அவசரம் என்றால் கேட்டைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கும் கட்டணக் கழிப்பறைக்குப் போக வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின நாட்களில், ஊருக்குப் போகும் வண்டிகளுக்கு நடுவே, பெருங்களத்தூரில் சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

"அந்தச் சாவி மட்டும் கெடச்சா போதும்க்கா. நாங்களே கழுவி வச்சிக்கிறோம். நீங்க மீட்டிங்ல சொல்லுங்கக்கா" என்றாள் செல்வி.

நான் உடனே செகரட்டரிக்கு வாட்ஸப்பில் எழுதினேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று. கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னால் சில நாட்களில் இந்தத் தாள் வந்தது.

யாராவது கழிப்பறை கேட்டால் பின்னாலேயே மீன் வாசனை கிளம்புகிறது. நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. என் ஆயுசில் இது இரண்டாவது முறை, அவ்வளவுதான்.

முதல் முறை நடந்தது தாம்பரம் சானடோரியம் பக்கம், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, அஞ்சல்வழியில் பி.காம். சேர்ந்துவிட்டு, அங்கே காலர் தைக்கப் போனேன். நான் ஒரு பட்டதாரியாகப் போகிறவள் என்பதை முதல் மாதத்திலேயே எங்கள் தையல் லைன் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். அதனால் எனக்குக் காலேஜ் என்று பெயர். "காலேஜு, அந்தத் துணி பண்டில இப்பிடித் தள்ளு" என்பார்கள்.

அந்த இடத்தின் வாசனை இன்றைக்கும் எனக்கு அத்துப்படி. புதுத்துணியின் கஞ்சி, மெஷின் எண்ணெய், இஸ்திரி போடும் பக்கத்திலிருந்து வரும் ஆவி. காற்று வடக்கிலிருந்து திரும்பினால் குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் வந்து சேரும். கண் எரியும், சில நாள் சாப்பிட முடியாது. அதைப் பற்றி எந்தச் சிலரும் ஒருநாளும் புகார் சொன்னதில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அங்கே இருந்தது. டோக்கன். எங்கள் லைனின் சூப்பர்வைசர் தனபால் உட்காரும் மேசைக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். முப்பது நாற்பது பேருக்கு ஒரே வில்லை. ஆணி காலியாக இருந்தால் எழுந்திருக்கக்கூடாது.

இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஆணி காலியாக இருக்கும்போது எங்கள் கோபம் எல்லாம் ஆணி அடித்தவன் மேல் போகாது, உள்ளே போனவள் மேல் போகும். "போனாளே மகராசி, அங்கியே குடித்தனம் வச்சிட்டாளா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். யார் எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்பது எங்களுக்குத்தான் மனப்பாடம், தனபாலுக்கு இல்லை. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் கிளம்பும்போதே நிறுத்திவிட வேண்டும். உதடு காய்ந்தால் நாக்கால் தடவிக்கொள்ளலாம். எங்கள் லைனில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. அதற்கு ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருந்தோம், தண்ணீர் குடிப்பதைத் தவிர மற்ற எல்லாம்.

இந்த இடத்தில் கன்னியம்மா வர வேண்டும். சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் மெஷினில் எனக்குப் பின்னால் உட்காருபவள். பிறந்தது கடற்கரைக் குப்பத்தில், அண்ணன்கள் கடலுக்குப் போகிறவர்கள். கல்யாணமாகிப் பள்ளிக்கரணைக்கு வந்திருந்தாள். மேடவாக்கம் வழியாகக் கம்பெனி வேனில் வருவாள். வேனில் ஏறும் முன்பே அவள் குரல் ஏறிவிடும். அப்போது அவள் மாசமாக இருந்தாள், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மாசமாக இருப்பவளுக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வித்தை பலிக்காது. குடிக்காவிட்டாலும் முட்டும்.

"சார், ரவ அவசரம் சார்."

"டோக்கன் வரட்டும்மா."

"டோக்கன் வர்ற வரிக்கும் அது நிக்குமா சார்? நீயே சொல்லிப் பாரு அதுக்கிட்ட."

எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் கண் ஆணியிலேயே இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கொட்டகை, அதில் ஒரு நீளமான சிமெண்ட் மேசை. தரையோடு சேர்த்துக் கட்டியது, அசைக்க முடியாது. அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவரவர் சோறு அவரவர் டப்பாவில். தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்ததை டப்பாவின் மூடியில் கொட்டி மேசை நடுவில் தள்ளிவிட வேண்டும். வரிசையாகப் பத்துப் பதினைந்து மூடிகள் நிற்கும். கோவைக்காய், முட்டைப் பொரியல், நெத்திலி, மாங்காய், யாரோ ஒருத்தியின் வெறும் அப்பளம். எந்த மூடி யாருடையது என்று பார்க்காமல் கை போகும்.

சரோஜாவின் மூடிக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. சரோஜா லைனின் முதல் மெஷின்காரி, மேற்குத் தாம்பரத்திலிருந்து வருவாள், சுத்த சைவம். அவள் மூடியை எல்லோரும் முதலில் தொட வேண்டும், மீனில் கை வைப்பதற்கு முன்பு. அப்போதுதான் மிச்சத்தை அவளும் சாப்பிட முடியும். இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. புதிதாக வந்தவள் மறந்துபோய் மீனைத் தொட்டுவிட்டால் கன்னியம்மாதான் கையைத் தட்டிவிடுவாள். "ஏய், மொதல்ல சரோசாக்கா மூடி. அப்பால என்னுது." கன்னியம்மாவின் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வாசனை அந்தக் கொட்டகை முழுக்க நிற்கும். சரோஜா அதன் எதிரிலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் எனக்கு இருக்கும் புத்திக்கு மறந்திருக்கமாட்டேன்.

டோக்கனை எடுக்கச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு அந்த மேசையில்தான் கிளம்பியது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் மெஷினில் உட்கார வேண்டும், ஆனால் ஓட்டக்கூடாது. கேட்டால், ஆணியைப் பிடுங்கினால்தான் ஓட்டுவோம் என்று சொல்ல வேண்டும். சுலபமான திட்டம். ஒரே ஒரு சிக்கல், முதலில் நிறுத்துவது யார் என்பது. எல்லோரும் அவரவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டதாரியாகப் போகிறவளும்தான்.

"நான் முன்னாடி இருக்கேன். நான் பெடல்லேருந்து காலை எடுக்கறேன். என்னைப் பார்த்து நீங்க எடுங்க" என்றாள் சரோஜா, சாதாரணமாக, பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல.

கன்னியம்மா எட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். தொக்குக் கையோடு. சரோஜா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "சீ, போடி" என்று சிரித்தாள். அந்தத் தொக்குக் கையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனிமேல் சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனி மேசை. ஜன்னலோரமாக ஒரு புது மடக்கு மேசையும் வந்திருந்தது. காரணமும் எழுதியிருந்தார்கள். அசைவ வாசனை பற்றிச் சிலர் புகார் சொன்னார்களாம்.

மின்விசிறிகூட இல்லாத கொட்டகை அது. மூன்று வருஷமாக விசிறி கேட்டோம், வரவில்லை. மேசை மட்டும் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. அப்போதே நாங்கள் அந்த மேசையைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாங்களோ திரும்பி சரோஜாவைப் பார்த்தோம்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவள் டப்பாவோடு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். போனதனாலேயே அவள்தான் என்று முடிவு செய்தோம். எங்கள் பக்கம் வந்திருந்தால், செய்துவிட்டு எவ்வளவு தைரியமாக வருகிறாள் என்று முடிவு செய்திருப்போம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் ஜன்னல் மேசைக்குப் போனார்கள். போனவர்கள் அங்கே காற்று நன்றாக வருகிறது என்றார்கள். அதற்கு இங்கிருந்து ஒரு பதில் போனது. யார் சுத்தம், யார் வீட்டில் யார் என்ன சாப்பிடுவார்கள், யார் மாமியார் எங்கே வேண்டிக்கொண்டாள் என்றெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்தில் ரோஷம் பொங்கிவிட்டது. மீன் தொடாதவர்கள்கூட மீன் கொண்டுவந்தார்கள். நான் அம்மாவிடம் கருவாடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"என்னடி தினமும் கருவாடு? கம்பெனியில ஏதாவது வேண்டுதலா?" என்றாள் அம்மா.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் எங்களுக்காக ஒரு தோழர் வருவார். சங்கம் வைப்பதைப் பற்றிப் பொறுமையாகப் பேசுவார், நல்ல மனிதர், இரண்டு டீ குடித்தாலும் ஒன்றை அவர் செலவிலேயே குடிப்பார். டோக்கன் பற்றித் துண்டறிக்கை போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை துண்டறிக்கை வந்தது. தலைப்பிலேயே மீன். உணவு உரிமை, பண்பாட்டுத் தாக்குதல், ஆதிக்கம் என்று இரண்டு பக்கமும் கொதித்திருந்தார். ஒவ்வொரு வரியும் சரிதான், இன்று படித்தாலும் கைதட்டுவேன். டோக்கன் கடைசியில், அச்சகத்தின் பெயருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நான் இன்றைக்கும் அந்தத் தோழர் பக்கம்தான். ஆனாலும் கையில் எது வந்தாலும் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

திங்கட்கிழமை வந்தது. சாப்பாடு முடிந்து மணி அடித்தது. மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கின. காலரில் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது தற்செயலாக நிமிர்ந்தேன். முன்னால் சரோஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மெஷின் நின்றிருந்தது.

அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பக்கத்து மெஷின்காரி, "மாட்டி விடப் பாக்குறா, ஓட்டு" என்றாள். எல்லோரும் ஓட்டினோம். தனபால் எழுந்துபோய் சரோஜாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவள் காலும் பெடலுக்குப் போனது. தனபாலுக்குத் திங்கட்கிழமைத் திட்டம் முன்பே தெரியுமா, முதலில் நிறுத்தப்போவது அவள் என்று தெரியுமா, யார் சொன்னார்கள், இதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொருத்தியாக எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். பலமுறை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஆணி காலியாக இருந்தது. கன்னியம்மா கேட்டாள். டோக்கன் வரட்டும் என்றார் தனபால். இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. எனக்குப் பின்னால் மெஷின் நின்றது தெரிந்தது. திரும்பியபோது அவள் நாற்காலியின் கீழே தரை நனைந்திருந்தது. பண்டிலில் இருந்த வெள்ளைத் துணி ஒன்றை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். லைன் முழுக்க அவளைப் பார்த்தது.

அழுவாள் என்று நினைத்தோம். அவள் அழவில்லை.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னியப் பாக்குறீங்க? அந்த ஆணியப் பாருங்க" என்றாள்.

அப்படியே நடந்து வெளியே போனாள். மறுநாள் வேனில் அவள் குரல் இல்லை. அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று பின்னால் யாரோ சொன்னார்கள், ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரியவில்லை. சரோஜாவும் அந்த மாதமே நின்றுவிட்டாள். ஜன்னலோர மேசை கொஞ்ச நாளில் மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டது. அதன் வேலை முடிந்திருந்தது. டோக்கன் அப்படியே தொங்கியது.

நான் பட்டதாரியாகி, செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எத்தனையோ வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் சரோஜாவைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நலம் விசாரித்து முடித்த பிறகும் இரண்டு பேரும் நகரவில்லை.

"நான் சொல்லலை" என்றாள் அவள், நான் எதையும் கேட்பதற்கு முன்பே.

"தெரியும்" என்றேன். உண்மையில் அன்றுவரை தெரியாது.

"தனபால் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கல்லாம் சேர்ந்து, நான் அங்க உட்கார்ந்தா உங்களால நிம்மதியா மீன் சாப்பிட முடியலைன்னு சொன்னீங்களாம். எனக்காகத்தான் தனி மேசை போட்டேன்னார்."

"அதை நீ நம்பினியா?"

"ஏன், நீங்க நம்பலையா?" என்றாள்.

அவள் ரயில் வந்துவிட்டது. போய்விட்டாள்.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். அதற்குள் குடியிருப்பு இரண்டு கட்சியாகியிருந்தது. வாட்ஸப்பில் ஒரு கட்சி முகப்புப் படமாகக் குத்துவிளக்கு வைத்தது. இன்னொரு கட்சி வஞ்சிர மீன் வைத்தது. கேட்டருகே பிள்ளையார் இருக்கிறார், அவர் முன்னால் மீன்கூடையா என்று விளக்குக் கட்சி கேட்டது. பிள்ளையாரிடம் கேட்டீர்களா என்று மீன் கட்சி கேட்டது. ஒருவர் ஆயிரம் வருஷத்து நாகரிகத்தைப் பற்றி எழுதினார். அதற்கு ஒருவர் இரண்டாயிரம் வருஷத்து நாகரிகத்தை எடுத்து வீசினார். எனக்குக் கை துறுதுறுவென்றது. இரண்டு மூன்று முறை டைப் செய்து அழித்தேன்.

மீன் சின்ன விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. மீன் கூடைக்காரி கோவளத்துப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள், அவளுக்கு அது வயிற்றுப்பாடு. அடுத்தவர் தட்டை மோந்து பார்க்கும் மூக்குகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் ஏன் இந்த வாரம்? அந்தக் கூடை நாலு வருஷமாக வருகிறதே, நாலு வருஷமாக மூக்கு எங்கே போயிருந்தது?

கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பராமரிப்புக் கணக்குக்குக் கூட இவ்வளவு பேர் வந்ததில்லை. மீனைப் பற்றி எல்லோரும் பேசி முடித்ததும் எழுந்து, கழிப்பறைச் சாவி என்றேன். என் எதிர்வீட்டு ஜெயசீலன் சார், ஓய்வுபெற்ற ஆசிரியர், மீன் கட்சியின் முன்னணி வீரர், கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் கொடுப்பவர், சங்கடத்தோடு திரும்பினார்.

"மேடம், இப்பப் போய் டாய்லெட்டா? இது நம்ம உரிமைப் பிரச்சினை. யூனிட்டியா நிக்க வேண்டிய டைம்."

விளக்குக் கட்சியில் ஒருவர் அதற்குத் தலையாட்டினார். அன்றைய கூட்டத்தில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

"சார், யார் புகார் சொன்னாங்க? பேர் சொல்லுங்க" என்று செகரட்டரியைக் கேட்டேன்.

"அது கான்ஃபிடன்ஷியல் மேடம். சில ரெசிடென்ட்ஸ்" என்றார்.

மீனைப் பற்றி முடிவெடுக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். சாவி அடுத்த கூட்டத்துக்குப் போனது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கூடைக்காரியைப் பிடித்து, வஞ்சிரம் வாங்கி, கறுப்புப் பையில் மறைத்து, லிப்டைத் தவிர்த்து ஐந்து மாடி ஏறினேன். முழங்கால் என்னைத் திட்டியது. வறுத்து முடித்ததும் ஏனோ தனியாகச் சாப்பிடத் தோன்றவில்லை. டப்பாவில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். செல்வி படிக்கட்டுக்கு அடியில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

கடைசிப் படியில் உட்கார்ந்தேன். மூடியில் மீனை வைத்து இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளினேன். செல்வி மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க மீன் துண்ணுவீங்களாக்கா?"

"ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு செல்வி."

"இல்ல, நீங்கதான் கம்ப்ளெயின்ட் குட்த்தீங்கன்னாங்க. எங்க சாப்பாட்டு நாத்தம் லிப்டு வரிக்கும் வருதுன்னு. இவங்களுக்குச் சாவி வேற குடுத்தா அந்த எடமே வீணாப்பூடும், வேணாம்னு நீங்கதான் மீட்டிங்ல எய்ந்து சொன்னீங்களாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து நின்றது உண்மைதானே, அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த சிலர் கடைசியில் அந்தப் படியில் என் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் சொன்னது?"

"பேசிகினாங்கக்கா."

"நான் இல்ல, செல்வி. சாவி குடுங்கன்னு கேட்டதே நான்தான்."

"சரிக்கா" என்றாள்.

மாடியில் குடியிருப்பவர்களிடம் கீழே வேலை செய்பவர்கள் சொல்லும் சரி அது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அவள் வியர்த்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வாணாம்க்கா. இப்ப தண்ணி குட்ச்சா அப்பால பேஜாரு. வூட்டுக்குப் போயி குட்ச்சிக்கிறேன்."

சானடோரியம் பக்கம் அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு. பைக்குகள் வந்து பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போகின்றன. சாப்பாட்டுக் கொட்டகையை எப்போதோ இடித்துவிட்டார்கள். அந்தச் சிமெண்ட் மேசையைத் தரையிலிருந்து பெயர்க்க நிறையப் பாடுபட்டிருப்பார்கள். ஆணி அடித்த தூண் போனதில் எனக்கு வருத்தமில்லை. மேசை போனதுதான் வருத்தம். அது இருந்தவரை, நாங்கள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், ஏய், நீயா சொன்னே என்று. கேட்கவில்லை, ஆனால் கேட்க ஓர் இடம் இருந்தது, எதிரில் ஆள் இருந்தாள், எட்டினால் கன்னம் இருந்தது.

செல்வி எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மூடி நடுவிலேயே இருந்தது. அவள் தொடாத மீனை நானும் தொடவில்லை.